டிஸ்க் பிளேயர் வாங்கும்முன் பின்பக்கத்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பண்டிகைக் காலத் தள்ளுபடி விளம்பரங்களில் பெரிய டிவிக்குத் தோதாக ‘4கே புளூ-ரே பிளேயர்’ என்று ஒன்றைக் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் ‘4கே அப்ஸ்கேலிங்’ என்று பொடி எழுத்தில் இருக்கிறது. அது 4கே டிஸ்க் போடும் பிளேயர் அல்ல. டிவிடியையும் சாதாரண புளூ-ரேயையும் படித்து, அந்தப் படத்தை 3840×2160 புள்ளிகளாக விரித்து டிவிக்கு அனுப்பும் பிளேயர், அவ்வளவுதான். அந்த வேலையை 4கே டிவி தானாகவே செய்துகொள்ளும். உண்மையான 4கே டிஸ்க்கை அதில் போட்டால் ‘படிக்க முடியவில்லை’ என்று வரும். டிஸ்க் கெட்டுப்போனதென்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். சாதாரண புளூ-ரேயில் ஒரு அடுக்குக்கு 25 ஜிபி. 66, 100 ஜிபி கொண்ட 4கே டிஸ்க்குகளில் ஒரு அடுக்குக்கு 33 ஜிபி. நகல் எடுக்காமல் தடுக்கும் பூட்டும் வேறு, படத்தைச் சுருக்கும் முறையும் வேறு. பழைய பிளேயருக்கு எந்த அப்டேட் போட்டாலும் இது நடக்காது.

ஆகவே பெட்டியில் ‘அல்ட்ரா எச்டி புளூ-ரே’ என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால்தான் 4கே பிளேயர். டிஸ்க் உறையிலும் அடையாளம் உண்டு: 4கே டிஸ்க் கறுப்பு உறையில் வரும், சாதாரண புளூ-ரே நீல உறையில் வரும். பல கறுப்பு உறைகளுக்குள் சாதாரண புளூ-ரே டிஸ்க் ஒன்றும் கூடவே இருக்கும். 4கே பிளேயர் இல்லாதவர்கள் அதைப் போட்டுப் பார்க்கலாம்.

இது முன்பக்க விஷயம். வாங்குவோர் பெரும்பாலும் கவனிக்காதது பின்பக்கம். எந்த பிளேயர் சிறந்தது என்ற கேள்விக்கு வீட்டில் இருக்கும் ஆம்ப்ளிஃபையரைப் பார்க்காமல் பதில் சொல்ல முடியாது. ஒரே பிளேயர் ஒரு வீட்டில் பிரமாதமாகவும், அடுத்த வீட்டில் வெறும் ஸ்டீரியோவாகவும் ஒலிப்பதற்குக் காரணம், பின்னால் இருக்கும் துளைகளும் அவற்றில் செருகிய கேபிளும்தான்.

புதிய ஏவி ரிசீவர் (படம், ஒலி இரண்டையும் வாங்கிப் பிரித்துத் தரும் ஆம்ப்ளிஃபையர்) வைத்திருப்பவர்களுக்குக் குழப்பமே இல்லை. அதில் எச்டிஎம்ஐ 2.0, எச்டிசிபி 2.2 (நகல் தடுப்புப் பூட்டு முறை) இரண்டும் இருந்தால் பிளேயரிலிருந்து ரிசீவருக்கு ஒரு கேபிள், ரிசீவரிலிருந்து டிவிக்கு ஒரு கேபிள் போதும். எந்த 4கே பிளேயரும் ஒத்துப்போகும். படிக்கப்படுவது ஒன்றும் பூஜ்ஜியமும்தான் என்பதால், ஒலியைப் பிரிக்கும் வேலை ரிசீவரிடம் இருக்கும்போது விலை கூடிய பிளேயரால் ஒலி மேம்படாது. அந்தப் பணத்தை ஸ்பீக்கரில் போடுங்கள்.

சுமார் 2009க்கும் 2014க்கும் இடையே வாங்கிய எச்டிஎம்ஐ 1.4 ரிசீவர்கள் நம் ஊரில் இன்னும் நிறைய வீடுகளில் நல்ல நிலையில் ஓடுகின்றன. டிஸ்க்கில் வரும் இழப்பில்லாத ஒலி வகைகளான டால்பி ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ இரண்டையும் அவை பிரித்துவிடும். ஒலிக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் 4கே எச்டிஆர் (வெளிச்சமும் நிறமும் கூடிய) படம் அவற்றின் வழியாகப் போகாது. படம் 1080 கோடுகளுக்கு இறங்கிவிடும், அல்லது திரை கறுப்பாக நிற்கும். இதற்காக ரிசீவரை மாற்றச் சொல்வார்கள், கேட்காதீர்கள். இரண்டு எச்டிஎம்ஐ வெளியீடு உள்ள பிளேயரை வாங்கினால் ஒன்றை நேரே டிவிக்கும், ‘ஆடியோ ஒன்லி’ என்று எழுதியிருக்கும் மற்றதை ரிசீவருக்கும் செருகலாம். சோனி யுபிபி-எக்ஸ்700, யுபிபி-எக்ஸ்800எம்2, பானாசோனிக் டிபி-யுபி420, டிபி-யுபி820 ஆகியவற்றில் இந்த இரட்டை வெளியீடு உண்டு. பிளேயருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் புதிய ரிசீவரின் விலைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

மூன்றாவது வகைதான் சிக்கலானது. உள்ளூரில் அசெம்பிள் செய்த 5.1 (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) ஆம்ப்ளிஃபையர், அதன் முன்னால் ஒலியைப் பிரித்துத் தரும் ஒரு டிடிஎஸ் டிகோடர் பெட்டி. அந்த டிகோடருக்கு ஆப்டிகல் அல்லது கோஆக்சியல் கேபிள் வழியாகத்தான் ஒலி போகிறது. இந்தக் கம்பிகளில் ட்ரூஎச்டியும் டிடிஎஸ்-எச்டி மாஸ்டரும் ஏறாது. ட்ரூஎச்டி உள்ள புளூ-ரேயில் அதோடு சேர்ந்தே அதிகபட்சம் 640 கேபிபிஎஸ் (நொடிக்கு 640 கிலோபிட்) டால்பி டிஜிட்டல் ஒன்றும் பதிந்திருக்கும். பிளேயர் அதை அனுப்பும். டிடிஎஸ்-எச்டி என்றால் அதனுள் இருக்கும் 1.5 எம்பிபிஎஸ் வரையிலான சாதாரண டிடிஎஸ் பகுதி மட்டும் போகும். டிவிடியில் டால்பிக்கு உச்சவரம்பு 448 கேபிபிஎஸ்தான் என்பதால் இதுவும் முன்னேற்றமே. ஆனால் முழு ஒலி வேண்டுமானால் பிளேயரே ஒலியைப் பிரித்து ஆறு அல்லது எட்டு ஆர்சிஏ துளைகள் (சிவப்பு-வெள்ளை கேபிள் செருகும் வகை) வழியாக வெளியே தர வேண்டும். அந்த வசதி யுபி820இல் 7.1 ஆக இருக்கிறது. சோனியின் மேற்சொன்ன இரண்டிலும் சாதாரண ஸ்டீரியோ ஆர்சிஏ துளைகூடக் கிடையாது. பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் வைத்திருப்பவர்கள் இதைத் தெரியாமல் வாங்கிவிட்டு, சிவப்பு-வெள்ளை கேபிளைக் கையில் பிடித்துக்கொண்டு துளை தேடுகிறார்கள்.

ஆறு கேபிள் போட்டு இணைக்கும்போது தவறும் இடம் சப்வூஃபர். ரிசீவர்களிலும் ஆம்ப்ளிஃபையர்களிலும் அனலாக் 5.1 உள்ளீடு பெரும்பாலும் நேரே ஒலி கூட்டும் பகுதிக்குப் போய்விடும். சின்ன ஸ்பீக்கரிலிருந்து பேஸைப் பிரித்து சப்வூஃபருக்கு அனுப்பும் வேலை அங்கே நடக்காது. அதை பிளேயரின் ஸ்பீக்கர் மெனுவில்தான் செய்ய வேண்டும்: ஸ்பீக்கர் அளவை ‘ஸ்மால்’ என்று வையுங்கள், ஒவ்வொரு ஸ்பீக்கரின் தூரத்தையும் டேப் பிடித்து அளந்து கொடுங்கள். படத்தின் எல்எஃப்இ (சப்வூஃபருக்கென்றே உள்ள ஆழ்ந்த ஒலி) தடம் மற்றத் தடங்களைவிட 10 டெசிபல் தாழ்த்திப் பதியப்படுகிறது. அதை மீண்டும் உயர்த்தும் வேலை இரண்டு கருவியிலும் நடக்காமல் போனால் இடிச்சத்தம் மெலிந்து கேட்கும். சப்வூஃபரின் ஒலித் திருகைக் கூட்டிச் சரிசெய்துகொள்ளலாம், ஸ்பீக்கரில் பழுது என்று பிரிக்க வேண்டாம்.

இரண்டு ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபையருக்கு டிஜிட்டல் ஒலியை அனலாக்காக மாற்றும் ஒரு சிறிய டாக் பெட்டி வாங்கி ஆப்டிகலில் இணைப்பவர்கள், பிளேயரின் டிஜிட்டல் வெளியீட்டை ‘பிசிஎம்’ (பிளேயரே பிரித்து முடித்த ஒலி) என்று மாற்ற மறக்கக்கூடாது. மறந்தால் மலிவான டாக் பெட்டிகள் டால்பி சிக்னலைப் புரிந்துகொள்ளாமல் ஊமையாக இருக்கும், இல்லையென்றால் ‘உஸ்’ என்று இரைச்சலைக் கொட்டும். அந்த இரைச்சல் ட்வீட்டரை எரித்துவிடக்கூடும். முதல்முறை ஒலியைத் தணித்து வைத்துத்தான் ‘ப்ளே’ அழுத்த வேண்டும்.

சவுண்ட்பார் வைத்திருப்போர் பெரும்பாலும் பிளேயரை டிவியில் செருகி, டிவியிலிருந்து சவுண்ட்பாருக்கு ஒலி எடுக்கிறார்கள். டிவியில் சாதாரண ஏஆர்சி (டிவியிலிருந்து ஒலியை எச்டிஎம்ஐ வழியே திருப்பி அனுப்பும் வசதி) மட்டும் இருந்தால் சுருக்கிய ஒலிதான் போகும். ட்ரூஎச்டியில் உள்ள அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் ஒலி வரச்செய்யும் டால்பி முறை) முழுதாகப் போக அதன் மேம்பட்ட வகையான இஏஆர்சி வேண்டும், இரு பக்கமும் வேண்டும். அதிலும் ஒரு கண்ணி: சாம்சங் 2018 முதல் தன் டிவிகளில் டிடிஎஸ்ஸை விட்டுவிட்டது, எல்ஜியும் 2020 தொடங்கிச் சில ஆண்டு மாடல்களில் விட்டிருந்தது. டிடிஎஸ் தடம் உள்ள டிஸ்க்கைப் போட்டால் படம் ஓடும், சத்தம் வராது. அப்படியானால் பிளேயரில் ‘பிசிஎம்’ தேர்ந்தெடுப்பது ஒரு வழி. சவுண்ட்பாரில் தனியாக ஒரு எச்டிஎம்ஐ உள்ளீடு இருந்தால் பிளேயரை அங்கேயே செருகிவிடுவது அதைவிட நல்ல வழி. விலை குறைந்த சவுண்ட்பார்களில் அந்த உள்ளீடு இருப்பதில்லை, வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒலியைப் பற்றி இவ்வளவு எழுதுவதற்குக் காரணம் உண்டு. இணையத்தில் வரும் படத்துக்கும் டிஸ்க் படத்துக்கும் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் ஆளுக்கு ஆள், திரைக்குத் திரை மாறும். காதுக்குக் கேட்கும் வித்தியாசம் பெரும்பாலும் தப்பாது. ஓடிடியில் அட்மாஸ் என்று வருவது டால்பி டிஜிட்டல் பிளஸ்ஸில், அதிகபட்சம் 768 கேபிபிஎஸ். டிஸ்க்கில் ட்ரூஎச்டி 18 எம்பிபிஎஸ் வரையிலும் டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் 24.5 எம்பிபிஎஸ் வரையிலும் போகலாம், இரண்டும் இழப்பில்லாதவை. நல்ல ஸ்பீக்கர் இல்லாத வீட்டில், டிவியின் சொந்த ஸ்பீக்கரில் கேட்பவர்களுக்கு இதில் ஒரு பைசா பயன் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

படத்துக்கு வருவோம். 43 அங்குல டிவியில் 1080 கோடுகளின் நுணுக்கத்தையே சராசரிக் கண் முழுதாகப் பிரித்துப் பார்ப்பது சுமார் 1.7 மீட்டருக்குள், அதாவது ஐந்தரை அடிக்குள். 55 அங்குலத்துக்கு ஏழு அடி, 65க்கு எட்டரை அடி. நம் வீடுகளில் சோபா ஒன்பது, பத்து அடி தள்ளித்தான் கிடக்கும். அங்கே உட்கார்ந்து 4கே புள்ளிகளை எண்ண முடியாது. 4கே டிஸ்க் நன்றாகத் தெரிவதற்குக் காரணம் பெரும்பாலும் எச்டிஆர்: வெளிச்சத்தின் எல்லை கூடுகிறது, நிறம் கூடுகிறது. டிவி நல்ல எச்டிஆர் டிவியாக இல்லாவிட்டால் சாதாரண புளூ-ரே பிளேயரே போதும். புரொஜெக்டரில் 100 அங்குலம் பார்ப்பவர்கள் மட்டும் தயங்காமல் 4கேக்குப் போகலாம். அங்கே 13 அடிக்குள் உட்கார்ந்தால் வித்தியாசம் தெரியும். புரொஜெக்டரின் வெளிச்சம் குறைவு என்பதால் எச்டிஆர் படம் இருண்டுபோகும். பானாசோனிக்கில் உள்ள எச்டிஆர் ஆப்டிமைசர் அந்த இடத்தில் நன்றாகக் கைகொடுக்கும்.

எச்டிஆர் உள்ள எல்லா 4கே டிஸ்க்கிலும் எச்டிஆர்10 அடிப்படையாக இருக்கும். மேம்பட்ட எச்டிஆர் வகைகளான டால்பி விஷன், எச்டிஆர்10+ இரண்டும் சில டிஸ்க்குகளில் கூடுதலாக வரும். சோனி எக்ஸ்700, எக்ஸ்800எம்2 இரண்டிலும் டால்பி விஷனை மெனுவில் கையால் போட வேண்டும். போட்டபடியே விட்டால் சாதாரண எச்டிஆர்10 டிஸ்க்கையும் டால்பி விஷனாக மாற்றி அனுப்பி நிறத்தைக் கெடுக்கும். பானாசோனிக் யுபி820இல் அது தானாக மாறிக்கொள்ளும். தினமும் ரிமோட்டோடு மல்லுக்கட்ட விருப்பமில்லாதவர்களுக்கு இது ஒரு காரணம் போதும்.

இன்னொன்று, டிவியிலேயே உள்ள தடை. புதிய டிவியிலும் ஒவ்வொரு எச்டிஎம்ஐ துளைக்கும் முழுத் தகவல் வேகத்தைத் தனித்தனியாகத் திறந்துவிட வேண்டியிருக்கும். சாம்சங்கில் ‘இன்புட் சிக்னல் பிளஸ்’, எல்ஜியில் ‘அல்ட்ரா எச்டி டீப் கலர்’, சோனியில் ‘என்ஹான்ஸ்டு ஃபார்மட்’. இதை ஆன் செய்யாமல் பிளேயர் மட்டமானது என்று முடிவுகட்டியவர்கள் பலர். கேபிள் 18 ஜிபிபிஎஸ் தாங்கும் ‘பிரீமியம் ஹை ஸ்பீட்’ வகையில் இரண்டு மீட்டர் இருந்தால் போதும். தங்க முலாம், 48 ஜிபிபிஎஸ் என்று சொல்லி விற்கும் கேபிளால் டிஸ்க் பிளேயருக்கு நயாபைசா லாபம் கிடையாது. மலிவான ஐந்து மீட்டர் கேபிள்தான் நடுநடுவே திரை கறுத்துப்போவதற்குப் பெரும்பாலும் காரணம்.

எந்த நிறுவனம் என்று தேர்ந்தெடுக்க இப்போது அதிகம் இல்லை. ஆப்போ 2018இல் விலகியது. சாம்சங் 2019இல் புதிய பிளேயர்களை நிறுத்தியது. எல்ஜி 2024 இறுதியோடு முடித்துக்கொண்டது. பெரிய பெயர்களில் பானாசோனிக்கும் சோனியும் மிச்சம்; மிக உயர்ந்த விலையில் மேக்னட்டார் என்ற சீனத் தயாரிப்பு உண்டு. சூப்பர் ஆடியோ சிடி சேர்த்து வைத்திருக்கும் இசைப் பிரியர்கள் எக்ஸ்800எம்2 பக்கம் போகலாம். பானாசோனிக் அதை எடுக்காது. பிளே ஸ்டேஷன் 5 டிஸ்க் மாடலோ, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ்ஸோ வீட்டில் இருந்தால் 4கே டிஸ்க் பிளேயர் ஏற்கெனவே வந்துவிட்டது என்று அர்த்தம். பிளே ஸ்டேஷன் 5 டிஸ்க்கில் டால்பி விஷன் தராது, பாட்டு சிடியும் போடாது. பிளே ஸ்டேஷன் 4 ப்ரோ பெயரில் 4கே இருந்தாலும் 4கே டிஸ்க்கைப் படிக்காது.

இனி வருவது புதுச்சேரிக்காரர்களுக்கென்றே உள்ள தலைவலி. பிரான்சிலும் ரீயூனியனிலும் உறவுகள் இருக்கும் குடும்பங்கள் இங்கே அதிகம். அங்கிருந்து டிஸ்க் வரும், சில வேளை பிளேயரே வரும். டிஸ்க் எந்த நாட்டு பிளேயரில் ஓடும் என்று பிரித்துப் பூட்ட புளூ-ரேயில் மூன்று மண்டலங்கள்: ஐரோப்பா, வளைகுடா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா ‘பி’; அமெரிக்கா, ஜப்பான், சிங்கப்பூர், மலேசியா ‘ஏ’; இந்தியா, சீனா, ரஷ்யா ‘சி’. டிவிடியில் பிரான்சும் வளைகுடாவும் 2, அமெரிக்கா 1, சிங்கப்பூர் 3, இந்தியா 5. பாரிஸில் வாங்கிய மண்டலப் பூட்டு உள்ள புளூ-ரே இங்கே வாங்கிய பிளேயரில் ஓடாது. டிவிடி மண்டலத்தை ரிமோட்டில் சில எண்களை அழுத்தி மாற்றும் வழி பல மாடல்களில் இருக்கிறது. புளூ-ரே மண்டலம் அப்படி லேசில் மாறாது. ஆறுதலான செய்தி, 4கே டிஸ்க்குக்கு மண்டலப் பூட்டு கிடையாது. ஆகவே வெளிநாட்டிலிருந்து வாங்கிவரச் சொல்பவர்கள் கறுப்பு உறையாகச் சொல்லுங்கள். கூட வரும் நீல டிஸ்க் பூட்டோடு இருக்கலாம், அதை நம்ப வேண்டாம். பிரெஞ்சு டிவிடிகள் நொடிக்கு 25 படம் என்ற பால் முறையில் இருப்பதால் திரைப்படம் நான்கு சதவீதம் வேகமாக ஓடும், பாடகர் குரல் கொஞ்சம் கீச்சென்று கேட்கும். அது பிளேயரின் பழுது அல்ல.

பிளேயரே வருமானால் பின்பக்கத் தகட்டில் மின்னழுத்தத்தைப் படியுங்கள். பிரான்சில் வாங்கியது 220–240 வோல்ட், இங்கே நேரே செருகலாம். எட்டு எண் வடிவத்தில் இருக்கும் மின்கேபிளை மட்டும் நம் ஊர் பின் உள்ளதாக மாற்றிக்கொண்டால் போதும். ‘120 வி’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது அமெரிக்காவிலிருந்து வந்தது. நம் 230 வோல்ட்டில் செருகிய நொடியே பவர் சப்ளை போய்விடும். பிளேயர் இழுப்பது 30 வாட் அளவுக்குத்தான் என்பதால் 100 விஏ ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் தாராளம். இன்வெர்ட்டரில் ஓட்டுபவர்கள் சைன்வேவ் இன்வெர்ட்டர்தானா என்று பாருங்கள். ஸ்கொயர்வேவ் என்றால் ஆம்ப்ளிஃபையர் டிரான்ஸ்ஃபார்மர் ‘ம்ம்ம்’ என்று உறுமும்.

தமிழ்ப் படம் மட்டும் பார்ப்பவர்களிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டியது: 4கே டிஸ்க்காகத் தமிழ்ப் படம் வருவது மிக அரிது. உங்களிடம் இருப்பது டிவிடியும் விசிடியுமாகத்தான் இருக்கும். ஒரே டிவிடியில் மூன்று படம் என்று விற்றார்களே, அதில் ஏழரை மணி நேரத்தை 4.7 ஜிபிக்குள் அடைத்தால் நொடிக்குக் கிடைப்பது 1.4 எம்பிபிஎஸ்கூட இல்லை. டிவிடியில் படத்துக்கு அனுமதித்த உச்சம் 9.8. அப்படிப்பட்ட டிஸ்க்கை எந்த அப்ஸ்கேலிங்கும் காப்பாற்றாது. ஒரு படம் மட்டும் உள்ள இரட்டை அடுக்கு டிவிடிகளை நல்ல பிளேயர் அழகாகவே காட்டும். விசிடியை இன்றைய பல பிளேயர்கள் எடுப்பதே இல்லை. கல்யாண விசிடிகளைக் கணினியில் போட்டு, ‘எம்பெகாவ்’ என்ற ஃபோல்டரில் இருக்கும் டேட் கோப்பை ஹார்ட் டிஸ்க்குக்கு நகல் எடுத்து விஎல்சியில் பாருங்கள். ஸ்டுடியோக்காரர் எழுதிக் கொடுத்த டிவிடி-ஆர் டிஸ்க்கையும் அப்படியே நகல் எடுங்கள். அதில் தகவல் இருப்பது சாயத்தில். வெயிலிலும் ஈரத்திலும் சாயம் வெளுக்கும். பிளேயர் தேர்வைவிட அவசரமான வேலை இது.

வாங்கி இணைத்த பிறகு மூன்று அமைப்புகளைச் சரிபாருங்கள். டிஜிட்டல் ஒலி வெளியீடு ‘பிட்ஸ்ட்ரீம்’ (ஒலியைப் பிரிக்காமல் அப்படியே அனுப்புவது); மேலே ‘பிசிஎம்’ என்று சொன்ன இடங்களில் மட்டும் ‘பிசிஎம்’. சோனியில் ‘பிடி ஆடியோ மிக்ஸ்’, பானாசோனிக்கில் ‘செகண்டரி ஆடியோ’ என்று இருப்பது ஆஃப்; இது ஆனில் இருந்தால் மெனு ஒலியையும் படத்தின் ஒலியையும் கலப்பதற்காக பிளேயர் ட்ரூஎச்டியை அனுப்பாது, ரிசீவரில் அட்மாஸ் விளக்கும் எரியாது. 24பி (நொடிக்கு 24 படம்) வெளியீடு ஆன். இல்லையென்றால் கேமரா மெல்ல நகரும் காட்சிகள் விட்டுவிட்டு இழுக்கும். இரவில் குழந்தை தூங்கும் நேரத்தில் மட்டும் பெரிய சத்தத்தைத் தணித்துச் சின்னச் சத்தத்தை உயர்த்தும் டைனமிக் ரேஞ்ச் கம்ப்ரஷனைப் போட்டுக்கொள்ளலாம், மற்ற நேரத்தில் அணைத்துவிடுங்கள். இத்தனையும் சரியாக இருந்து படம் மெகா சீரியல் போல வழுக்கிக்கொண்டு தெரிந்தால், குற்றவாளி டிவியின் மோஷன் அமைப்பு. ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ போடுங்கள்.

நகல் டிஸ்க் வாங்குபவர்களுக்கு ஒரு தகவல். படத்தின் ஒலியிலேயே சினாவியா என்றொரு மறைகுறி சேர்த்திருப்பார்கள். 2012க்குப் பின் வந்த புளூ-ரே பிளேயர்கள் அதைக் கண்டுபிடித்தால் படத்தின் நடுவே ஒலியை நிறுத்திவிடும். சர்வீஸ் சென்டரில் இதற்கு மருந்து இல்லை.

கடற்கரை ஊரில் டிஸ்க் பிளேயருக்குப் பெரிய எதிரி உப்புக் காற்று. எச்டிஎம்ஐ துளையிலும் ஆர்சிஏ பின்னிலும் களிம்பு படிந்து ஒலி கரகரக்கும். சில மாதத்துக்கு ஒருமுறை எல்லாக் கேபிளையும் பிடுங்கிச் செருகினால் பாதிக் கோளாறு போய்விடும். ஐப்பசி, கார்த்திகையில் டிஸ்க்கின் மேல் வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கும். அச்சடித்த டிஸ்க்காக இருந்தால் பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு சொட்டு விட்ட தண்ணீரில் கழுவி, மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் ஒற்றியெடுங்கள். வட்டமாகத் தேய்க்கக் கூடாது. வட்டக் கீறல் ஒரே தடத்தின் தொடர்ச்சியான தகவலை அழிக்கும். டிவிடியில் தகவல் அடுக்கு மேற்பரப்பிலிருந்து 0.6 மில்லிமீட்டர் உள்ளே இருக்கிறது, புளூ-ரேயில் 0.1 மில்லிமீட்டர்தான். டிவிடியைப் பாலிஷ் போட்டுக் காப்பாற்றுவதுபோல் இதைக் காப்பாற்ற முடியாது. மேலே இருக்கும் கடினப் பூச்சுதான் போகும். பிரஷ் ஒட்டிய லென்ஸ் கிளீனர் டிஸ்க்குகளையும் போடாதீர்கள். அலமாரியை ஈரச் சுவரில் ஒட்டி வைக்க வேண்டாம், டிஸ்க்குகளை நிறுத்தி வைத்து சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். அந்துருண்டை மட்டும் வேண்டாம், அதன் ஆவி சிடி பெட்டியின் பிளாஸ்டிக்கைக் கெடுக்கும்.

பூட்டுச் சாவிகள் புதுப்பிக்கப்படுவதால் புதிய டிஸ்க்குகளுக்கு அவ்வப்போது ஃபர்ம்வேர் அப்டேட் தேவைப்படும். அப்டேட் நடக்கும்போது கரண்ட் போனால் பிளேயர் செத்துவிடக்கூடும். மழை கொட்டும் நாளில் யுபிஎஸ் இல்லாமல் அதைத் தொடாதீர்கள். உற்பத்தி நின்றுபோன மாடல் வைத்திருப்பவர்கள் கடைசி அப்டேட் கோப்பை இப்போதே இறக்கி ஒரு பென்டிரைவில் போட்டு வையுங்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கொட்டிய மழையைப் பார்த்த தாழ்வான நகர்களில், பிளேயரை டிவி ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் வைப்பதை விட்டுவிட வேண்டும். நனைந்துவிட்டால் உலர்ந்ததுபோல் தெரிந்தாலும் செருகாமல் மெக்கானிக்கிடம் கொடுத்துத் திறக்கச் சொல்லுங்கள்.

ஞாயிறு சந்தையிலோ தெரிந்தவரிடமோ பழைய பிளேயர் வாங்கப் போகிறவர்கள் கையோடு மூன்று டிஸ்க் கொண்டுபோங்கள்: கொஞ்சம் கீறிய டிவிடி ஒன்று, 50 ஜிபி புளூ-ரே ஒன்று, முடிந்தால் 100 ஜிபி 4கே டிஸ்க் ஒன்று. டிரேயைப் பத்துமுறை திறந்து மூடுங்கள். பெல்ட் தளர்ந்திருந்தால் நான்காவது ஐந்தாவது முறையில் திணறும். படத்தை முதலிலிருந்து ஓட்டிப் பார்ப்பதில் பயனில்லை. நடுப்பகுதிக்கும் கடைசிக் காட்சிக்கும் தாவிப் பாருங்கள். லேசர் பலவீனமாகியிருந்தால் அடுக்கு மாறும் இடத்திலும் விளிம்பிலும்தான் படம் உறையும். டிவிடி நன்றாக ஓடுவதை வைத்து எதையும் முடிவுசெய்யாதீர்கள்: டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்பு லேசர், புளூ-ரேக்கு 405 நானோமீட்டர் நீல-ஊதா லேசர். ஒன்று செத்து மற்றது உயிரோடு இருப்பது சகஜம்.

புதிதாக வாங்கும் கடைகளிடம் ஒரு கோரிக்கை. புதுச்சேரி நேரு வீதியிலும் கடலூர் லாரன்ஸ் ரோட்டிலும் பெரிய திரைகளை வரிசையாக மாட்டி வைத்திருக்கும் கடைக்காரர்கள், ஒரே ஒரு 100 ஜிபி டிஸ்க்கை வாங்கி மேசையில் வைத்தால் போதும். பெட்டியில் இருப்பது 4கே பிளேயரா அப்ஸ்கேலிங் பிளேயரா என்பது இரண்டு நிமிடத்தில் வாடிக்கையாளர் கண்ணெதிரே தெரிந்துவிடும். பில்லில் ‘புளூ-ரே பிளேயர்’ என்று மொட்டையாக எழுதாமல் மாடல் எண், அல்ட்ரா எச்டி புளூ-ரே ஆமா இல்லையா, மண்டலம், மின்னழுத்தம் ஆகிய நான்கையும் எழுதித் தர வேண்டும். உத்தரவாதம் தயாரிப்பு நிறுவனத்துடையதா, கடையுடையதா என்பதையும் அதிலேயே குறிக்கச் சொல்லிக் கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து இறக்கிய பிளேயருக்கு இங்குள்ள சர்வீஸ் சென்டர் பொறுப்பேற்காமல் போகலாம். தங்கள் நாளிதழின் விளம்பரப் பிரிவும் ‘4கே அப்ஸ்கேலிங்’ பிளேயரை வெறும் ‘4கே’ என்று அச்சிடாமல், விளம்பரதாரரிடம் ஒரு வார்த்தை கேட்டு முழுதாக அச்சிட்டால் வாசகர்களுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.